மூணு மணி ஆசாமிகள்

தூக்கம் வராதவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்காரர்களுக்குப் படுத்தால் தூக்கமே பிடிக்காது. புரண்டு புரண்டு, தலையணையைத் திருப்பிப் போட்டு, பன்னிரண்டு மணி ஆகி, ஒரு மணி ஆகி... ஒருவழியாகக் கண் அசந்துவிட்டால், அப்புறம் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது கட்சி நேர் எதிர். தலையைச் சாய்த்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை. ஆனால், ராத்திரி இரண்டரைக்கோ மூணுக்கோ யாரோ தோளைத் தொட்டு எழுப்பின மாதிரி சட்டென்று முழிப்பு வந்துவிடும். அவ்வளவுதான். ஃபேனின் கடகட சத்தம், தெருநாய்களின் பஞ்சாயத்து, வீட்டு லோன், 1998-ல் ஆபீஸில் ஒருத்தன் சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் வரிசையாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும். பால் பாக்கெட் வந்து விழுகிற வரைக்கும் போகாது.

நீங்கள் எந்தக் கட்சி?

சும்மா கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று 'தூக்கம் வரலை' என்று சொன்னால், இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஒருத்தருக்கு அது பொருந்தலாம். இன்னொருத்தருக்கு அதுவே வினையாகலாம்.

நான் பி.காம். படித்தவன். 'மாத்திரையைப் பற்றி உனக்கென்னய்யா தெரியும்?' என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால், எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்காக (அதற்கு வருகிறேன்) இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது, தூக்க மாத்திரை விவகாரத்தில் பாதி, நான் ஏற்கெனவே படித்த அக்கவுன்டன்ஸிதான் என்று தெரிந்தது.

காமர்ஸ்காரர்களுக்கு 'ரிட்டன் டவுன் வேல்யூ' ஞாபகம் இருக்கும். ஒரு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் மீதி இருக்கிற மதிப்பில் இத்தனை சதவிகிதம் என்று தேய்மானம் கழித்துக்கொண்டே வருவோமே, அது. மருந்தும் உடம்புக்குள் பெரும்பாலும் அப்படித்தான் தேய்கிறது. இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு 'அரை ஆயுள்' என்று பெயர்.

ஸோல்பிடெம் என்று ஒரு மாத்திரை. உலகம் முழுக்க விற்கிறது. அரை ஆயுள் சுமார் இரண்டரை மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கு 10 மில்லிகிராம் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தோராயக் கணக்கில் பன்னிரண்டரைக்கு 5. மூணு மணிக்கு இரண்டரை. முதல் கட்சிக்காரருக்குப் பிரமாதம்! படுத்ததும் ஆளைத் தூக்கிவிடும். விடிவதற்குள் பெரும்பகுதி போய்விடும். நம்ம மூணு மணி ஆசாமிக்கு? அவருக்கு வேண்டிய நேரத்தில் கூர்க்கா டியூட்டி முடிந்து சைக்கிளை எடுத்துவிட்டார்.

சரி, அப்படியானால் நீண்ட நேரம் நிற்கிற மாத்திரையாகப் பார்த்து வாங்கினால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. குளோனஸெபாம் நம் ஊரில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. அதன் அரை ஆயுள் 30, 40 மணி நேரம் வரை போகும். முதல் நாள் மாத்திரை பாதிகூடத் தேயாதபோதே இரண்டாம் நாள் மாத்திரை வந்து சேர்கிறது. ஓப்பனிங் பேலன்ஸ், சார்! 36 மணி நேரம் என்று வைத்து நானே கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். தினம் ஒன்று போட்டால், இரண்டு வாரத்தில், ராத்திரி முழுங்கின கையோடு உடம்பில் இருக்கிற சரக்கு ஒரு மாத்திரை இல்லை. ஏறக்குறைய இரண்டே முக்கால் மாத்திரை. டயஸெபாம் இன்னும் விசேஷம். அது உடைந்து உண்டாகிற பொருளும் மயக்கம் தரும். அதன் ஆயுள் தாய் மருந்தைவிட நீளம். வட்டிக்கு வட்டி.

ஆக, நடு ராத்திரி முழிப்புக்காரருக்கு மாத்திரை தேர்ந்தெடுப்பது கம்பி மேல் நடக்கிற வேலை. மூணு மணிக்கு இருக்க வேண்டும். ஏழு மணிக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது இருக்கக் கூடாது. இதற்கென்றே கம்பெனிக்காரர்கள் ரொம்ப மெனக்கெட்டிருக்கிறார்கள். ஸோல்பிடெமையே இரண்டு அடுக்காகச் செய்தார்கள். மேலடுக்கு உடனே கரையும், உள்ளடுக்கு மெதுவாக. அமெரிக்காவில் 2005-ல் அனுமதி வாங்கினார்கள். 2011-ல் இன்னொரு யோசனை: முழிப்பு வந்த பிறகு நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற குட்டி மாத்திரை. அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். எழுந்திருக்க இன்னும் குறைந்தது நான்கு மணி நேரம் இருந்தால்தான் போடலாம். தூக்கக் கலக்கத்தில் கடிகாரம் பார்த்துக் கழித்தல் கணக்குப் போடச் சொல்கிறார்கள்!

இந்த ஸோல்பிடெமில் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் அது 1992-ல் அனுமதிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். 2013-ல்தான் அந்த ஊர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பெண்கள் உடம்பிலிருந்து இது மெதுவாக வெளியேறுகிறது, காலையில் கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது. இருபது வருஷம்! கோடிக்கணக்கில் விற்ற பிறகு. 2019-ல் இதற்கும் இதன் உறவுக்கார மாத்திரைகளுக்கும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையே வந்தது. தூக்கத்தில் எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது, காலையில் ஒன்றும் ஞாபகமில்லாமல் இருப்பது. அபூர்வம்தான். ஆனால் நடந்திருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு விஷயம்.

அப்பாவுக்கு 74 வயது. மாயவரத்தில் அம்மாவோடு இருக்கிறார். கூட்டுறவு சொசைட்டியில் கணக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர். இரண்டாவது கட்சியில் ஆயுள் உறுப்பினர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், கூட வாக்கிங் போகிற நண்பரிடம் 'ரெண்டரை மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்லைப்பா' என்று புலம்பியிருக்கிறார். நண்பர் மறுநாள் காலையில் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, கத்திரிக்கோலால் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்துவிட்டார். அல்பிரஸோலம், 0.25 மில்லிகிராம். நம் ஊரில் வெற்றிலை சீவல் மாதிரி மாத்திரையையும் பகிர்ந்துகொள்கிற அன்பு இருக்கிறதே... அதைச் சொல்லி மாளாது.

முதல் ஒரு மாசம் சொர்க்கம். அப்புறம் பழைய குருடி. 0.25 என்பது 0.5 ஆனது. உடம்பு பழகிவிட்டால் அதே அளவு அதே வேலையைச் செய்யாது. மாத்திரை எங்கே கிடைத்தது என்கிறீர்களா? அல்பிரஸோலம், டயஸெபாம், நைட்ரஸெபாம், ஸோல்பிடெம் எல்லாம் 2014 மார்ச்சிலிருந்து 'ஹெச்-1' என்கிற பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்குகிறவர் பெயர், எழுதின டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. அப்பாவுக்குக் கொடுத்த கடையின் பெயர் வேண்டாம். 'சார் நம்ம சார்' என்கிற ஒரே தகுதியில் அட்டை அட்டையாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி, பாத்ரூம் வாசப்படியில் அப்பா விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. 'இடுப்பு தப்பிச்சுதே, மாரியம்மன் காப்பாத்தினா' என்று அம்மா விளக்கேற்றினாள். அந்த வயசில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர்களில் எத்தனை பேர் பழையபடி எழுந்து நடந்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். அம்மா விளக்கேற்றினதன் அர்த்தம் புரியும்.

கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் கெட்டிக்காரர். 'எப்படி விழுந்தீங்க?' என்பதோடு விடாமல், 'ராத்திரி என்ன மாத்திரை போடறீங்க?' என்று கேட்டார். விஷயம் வெளியே வந்தது. தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

அந்த அம்மா முதல் அரை மணி நேரம் பேனாவையே திறக்கவில்லை. வெறும் கேள்வி. அதுவும் பாதிக் கேள்வி அம்மாவிடம். 'ஐயா குறட்டை விடுவாரா?' 'விடுவார். பாசஞ்சர் ரயில் மாதிரி.' 'நடுவுல மூச்சு நின்னு, அப்புறம் திணறி இழுக்கிற மாதிரி இருக்குமா?' அம்மா யோசித்து, 'இல்லை, ஒரே தாளம்தான்' என்றாள். இந்தக் கேள்வி ஏன் என்றால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் நடுராத்திரி முழிப்பு வரும். அவர்களுக்கு இந்த வகை மாத்திரை கொடுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து, மூச்சுத் திணறல் கூடும். நோயாளிக்கே தெரியாத நோய் இது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி.

அப்புறம் பிரஷர் மாத்திரை. அப்பாவுடைய மாத்திரையில் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிற மருந்து சேர்ந்திருந்தது. அதை அவர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். காலையில் போட்டால் பஸ்ஸில் போகும்போது அவஸ்தை என்று அவராகவே மாற்றிக்கொண்டது. ஆக, எழுப்புகிற மாத்திரையும் தூங்க வைக்கிற மாத்திரையும் ஒன்பது மணிக்கு ஒரே டம்ளர் தண்ணீரில்! ஒன்று இரண்டரைக்கு ஒன்றுக்குப் போக எழுப்பும். இன்னொன்று காலைத் தள்ளாட வைக்கும். அல்பிரஸோலத்தின் அரை ஆயுள் சாதாரண ஆளுக்கு 11 மணி நேரம். வயசானவர்களுக்குச் சராசரியாக 16. இரண்டரை மணிக்கு அப்பா எழுந்து நின்றபோது, போட்ட மாத்திரையில் ஐந்தில் நாலு பங்கு உள்ளேதான் இருந்திருக்கும். முந்தின நாள் பாக்கி தனி. வாசப்படியைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

65 வயசுக்கு மேற்பட்டவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்காவின் முதியோர் மருத்துவ சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 'பியர்ஸ் பட்டியல்' என்பார்கள். அதில் அல்பிரஸோலம் வகையறா மொத்தமும் இருக்கிறது. ஸோல்பிடெமும் இருக்கிறது. விழுவது, எலும்பு முறிவது, மறதி, குழப்பம் என்று காரணமும் போட்டிருக்கிறது. 'அதெல்லாம் எதுக்கு, ஒரு அவில் போட்டுக்கோ, நல்லா தூக்கம் வரும்' என்று அத்தை சொல்வாள் அல்லவா? அலர்ஜிக்குக் கொடுக்கிற அந்தப் பழைய வகை மாத்திரைகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. வாய் வறளும், மலச்சிக்கல், பிராஸ்டேட் வீக்கம் இருக்கிற ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும்.

கடைசியில் டாக்டரம்மா கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'ஐயா, எத்தனை மணிக்குப் படுக்கறீங்க?'

'எட்டரை மணிக்கு நியூஸ் முடிஞ்சதும். ஒன்பதுக்குத் தூங்கிடுவேன்.'

'மத்தியானம்?'

'சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அசருவேன். ரெண்டுலேர்ந்து மூன்றரை.'

அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதி அப்பா பக்கம் திருப்பினார். ஒன்பதிலிருந்து இரண்டரை வரை ஐந்தரை. மத்தியானம் ஒன்றரை. ஆக ஏழு. 'உங்க வயசுக்கு ஏழு மணி நேரம் போதும்யா. உங்க கணக்குல பாக்கியே இல்லையே!'

நாற்பது வருஷம் லெட்ஜர் எழுதின மனுஷர் அந்தத் தாளைக் கையில் வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

எல்லாருக்கும் கணக்கு இப்படி நேராகிவிடாது, வாஸ்தவம். மனச்சோர்வு இருக்கிறவர்களுக்கு விடிகாலை முழிப்பு ஒரு முக்கிய அடையாளம். அவர்களுக்கு வேண்டியது அதற்கான வைத்தியம். மாதவிடாய் நிற்கிற வயசில் பெண்கள் வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருவார்கள். நெஞ்செரிச்சல், தைராய்டு, ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்து கால் குடைச்சல்... இப்படி ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். எங்கள் பத்திரிகை உலகத்தில் ரெண்டு ரவுண்டு போட்டால்தான் தூக்கம் வரும் என்று நம்புகிற நண்பர்கள் உண்டு. வரும்தான். ஆனால் சரக்கு உடம்பை விட்டு இறங்க இறங்க மூளை முழித்துக்கொள்ளும். அவர்களுடைய மூணு மணிக்குக் காரணமே அதுதான். சொன்னால் கேட்க மாட்டார்கள்.

காரணம் எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்த பிறகும் வாரத்தில் மூணு ராத்திரியாவது முழிப்பு, மூணு மாசமாகத் தொடர்கிறது என்றால், அதுதான் நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கும் முதல் வைத்தியம் மாத்திரை இல்லை என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி சொல்லிவிட்டது. பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றுகிற பயிற்சிதான் முதலில். அதில் முக்கியமான பாடம் கேட்க விசித்திரமாக இருக்கும். படுக்கையில் இருக்கிற நேரத்தைக் குறை என்பதுதான் பாடம். லேட்டாகப் படு. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திரு. நடுவில் முழிப்பு வந்து இருபது நிமிஷம் போல ஆகிவிட்டால், புரளாமல் எழுந்து வேறு இடத்தில் உட்கார். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் திரும்பி வா. அப்பா வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: 'டேய், தூக்கம் வரலைன்னு வந்தா, எழுந்து உட்காருங்கிறாங்க. இதுக்கு ஃபீஸ் வேற.'

மாத்திரையே வேண்டும் என்கிற நிலைமையில் எதைக் கொடுப்பார்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். டாக்ஸபின் என்று ஒரு பழைய மனச்சோர்வு மருந்து. அதை 75, 100 மில்லிகிராம் என்று கொடுப்பது வழக்கம். அதையே 3 அல்லது 6 மில்லிகிராம் என்று துளியாகக் கொடுத்தால், மூளையை முழிப்பாக வைக்கிற ஹிஸ்டமினை மட்டும் தடுக்கிறது. 'நடுவில் முழிப்பவர்களுக்கு' என்றே 2010-ல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். யானை சைஸ் மருந்தை எறும்பு சைஸில் கொடுத்தபோது வேறு வேலை செய்கிறது, பாருங்கள். ஆனால், கண்ணில் ஒருவகை பிரஷர் இருந்து வைத்தியம் பார்க்காதவர்களுக்கும், சிறுநீர் கடுமையாக அடைத்துக்கொள்கிறவர்களுக்கும் கூடாது.

புது வகை ஒன்று: மூளையில் 'முழித்திரு' என்று கட்டளை போடுகிற ஒரெக்ஸின் என்ற ரசாயனத்தைத் தடுக்கிற மாத்திரைகள். சுவோரெக்ஸன்ட் 2014, லெம்போரெக்ஸன்ட் 2019, டாரிடோரெக்ஸன்ட் 2022 என்று அமெரிக்காவில் வரிசையாக வந்தன. பழையவை தூக்கத்தைத் தலையில் அடித்து வரவழைக்கும். இவை முழிப்பின் ஸ்விட்சை அணைக்கும். இவற்றுக்கும் மறுநாள் மந்தம் உண்டு. 'புதுசுன்னாலே நல்லதுன்னு எழுதிடாதீங்க சார்' என்றார், நான் நோட்டை எடுத்ததைப் பார்த்துவிட்டு. மெலடோனின்? ஃபாரின் ட்ரிப் போய் வந்து உடம்புக் கடிகாரம் குழம்பினவர்களுக்கு உதவும். அமெரிக்காவின் தூக்க மருத்துவ அகாடமி 2017-ல் போட்ட வழிகாட்டியில், நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதை வேண்டாமென்றே சொல்லியிருக்கிறது.

அப்பாவுக்கு டாக்டரம்மா புதிதாக எதுவும் எழுதவில்லை. பிரஷர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். சாயங்காலம் ஆறு மணிக் காபியை நிறுத்தினார் (காபியில் இருக்கிற கஃபீனுக்கும் அரை ஆயுள் ஐந்து மணி நேரம் போல. அதே தேய்மானக் கணக்கு). மத்தியானத் தூக்கம் அரை மணி. படுக்கை பத்தரை. பாத்ரூம் வழியில் ஒரு ராத்திரி விளக்கு.

அல்பிரஸோலத்தை மட்டும் அன்றைக்கே நிறுத்த விடவில்லை. அப்பா வீராவேசமாக 'இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்' என்றபோது பதறிவிட்டார். மாசக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், படபடப்பு, நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். இதை இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இன்றைக்கு ராத்திரி மாத்திரையைக் குப்பையில் போட நினைக்கிற வாசகர்களுக்காகவும் சொல்கிறேன். தயவுசெய்து வேண்டாம். டாக்டரிடம் போய்க் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவுக்கு, ஒவ்வொரு தடவையும் கால் பங்குக்கு மேல் குறைக்காமல், குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். பின்படிகள் இன்னும் மெதுவாக. மூன்றாவது படியில் அப்பா ரொம்பத் தடுமாறினார். நாலு ராத்திரி தூக்கமே இல்லை, எரிச்சல், அம்மாவோடு சண்டை. போனில் கேட்டதற்கு, 'அந்தப் படியிலேயே இன்னும் ரெண்டு வாரம் நில்லுங்க, மேலே ஏறாதீங்க' என்றார்.

தூக்கத்துக்கு ஒரு நோட்டும் போடச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது போதுமே! எண்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, படுத்த நேரம், முழித்த நேரம், மறுபடி தூங்கின நேரம், மாத்திரை அளவு, 'காரணம்' என்று கலம் கலமாகப் பிரித்துவிட்டார். வாரக் கடைசியில் மொத்தம் போட்டுச் சிவப்பு மையில் அடிக்கோடு.

போன வாரம் போயிருந்தபோது வாங்கிப் பார்த்தேன். மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் 0.25-ல் பாதிக்கு வந்திருக்கிறது. முழிப்பு இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு தடவை, இருபது, இருபத்தைந்து நிமிஷம். சில நாள் ஒன்றே கால் மணி நேரம். செவ்வாய்க்கிழமை 2.50-க்கு முழித்து 3.20-க்குத் தூங்கியிருக்கிறார், காரணம், 'பூனை'. அடுத்த மாசம் தஞ்சாவூர் போக வேண்டும். டாக்ஸபின் தேவையா இல்லையா என்று அன்றைக்குத்தான் முடிவு. அதற்கு முன்னால் கண் பிரஷர் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

வாக்கிங் நண்பரும் இப்போது ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாராம். கோடு போட்டுக் கொடுத்தது அப்பா.